சேம்கோல் கூடத்தின் இரண்டு மின்மீட்டர்கள்

எஞ்சினியர் பியோ ஹேரிம் அந்த வியாழக்கிழமை காலை சேம்கோல் என்ற மலையூருக்குப் புறப்பட்டபோது பையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். ஒரே பக்கம்தான். அதை எழுத அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. நிலத்தடித் துளையை நிரப்பியதில் குறை நேர்ந்துவிட்டது, அதற்கு நான் ஒருத்தியே பொறுப்பு, வேலையாட்கள் யாரும் இல்லை என்பதுதான் அதன் சாரம். மற்றதெல்லாம் மரியாதைக்குச் சேர்த்த வரிகள்.

விஷயம் இதுதான். மாவட்ட அலுவலகம், ஊரார் பகலில் கூடி உட்காரும் முப்பத்தெட்டு ஊர்க் கூடங்களுக்குக் குளிர்சாதனம் போட்டுத் தருவதாக இருந்தது. எந்த வகையைப் போடுவது என்பதில் இழுபறி. அறையின் சூட்டை வெளிக்காற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிற வழக்கமான ஏசி ஒன்று. நூற்றைம்பது மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அதில் குழாய் இறக்கி, தண்ணீரைச் சுற்றவிட்டு, சூட்டை மண்ணுக்குள் இறக்குகிற நிலத்தடி இயந்திரம் இன்னொன்று. இரண்டாவதைப் போட ஏழு மடங்கு செலவு. ஆனால் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் தின்னும் என்று ஹேரிமின் கம்பெனி சத்தியம் செய்தது. சத்தியத்தை நம்பிப் பணம் எடுத்து வைக்கிற அரசு அலுவலகம் உலகில் எங்கும் இல்லை. எனவே ஒரு சோதனை வைத்தார்கள்.

சோதனைக்குச் சேம்கோல் தோதாக அமைந்தது. நடுவில் சமையலறை, இந்தப் பக்கம் ஆண்கள் அறை, அந்தப் பக்கம் பெண்கள் அறை. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி ஜன்னல்கள். ஆண்கள் அறைக்கு நிலத்தடி இயந்திரம், பெண்கள் அறைக்குச் சாதா ஏசி, ஆளுக்கொரு மின்மீட்டர். ஜூன் முதல் தேதி தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை ஓடவிட்டு எது எவ்வளவு தின்றது என்று பார்த்துவிடலாம். விலை கூடியது ஏன் ஆண்கள் அறைக்குப் போனது என்று பெண்கள் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டார்கள்.

ஊர்த் தலைவர் யோம் கில்சு சனிக்கிழமைதோறும் இரண்டு மீட்டரையும் படம் பிடித்து அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். ஒலிபெருக்கியிலும் சொன்னார். அவருக்கு ஒலிபெருக்கி என்றால் உயிர். உரம் வந்தாலும் சொல்வார், காணாமல்போன நாய் திரும்பி வந்தாலும் சொல்வார், எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்வார். "ஆண்கள் அறை இயந்திரத்தோட பொத்தான்ல யாரும் கை வைக்கக் கூடாது. மறுபடியும் அறிவிக்கிறேன். யாரும் கை வைக்கக் கூடாது." கம்பங்களில் கட்டிய நான்கு கூம்புகளிலிருந்தும் அது புறப்பட்டு மலையில் மோதித் திரும்பி வரும். ஆகக் கூடி மூன்று தரம் கேட்கும்.

ஜூனும் ஜூலையும் தேன்போலப் போயின. சாதா ஏசி வாரத்துக்கு நூற்று முப்பது யூனிட். நிலத்தடி இயந்திரம் எழுபத்தெட்டு. ஹேரிம் அந்தப் படங்களைத் துளை போடும் குழுவுக்கு அனுப்பி வைத்தாள். குழுவின் மேஸ்திரி தாக், ஐம்பத்தேழு வயதுக்காரர், பதிலுக்குக் கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினார். அவர் அதற்கு மேல் உணர்ச்சி காட்டி அவள் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துப் படம் வந்தபோது ஹேரிம் கிழக்குக் கடற்கரையில் வேறொரு வேலையில் இருந்தாள். ஆண்கள் அறை மீட்டர் இருநூற்று முப்பத்தாறு. எண்ணைத் தப்பாகப் படித்திருப்போம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடுத்த வாரம் இருநூற்று நாற்பத்தொன்று. அதற்கடுத்து இருநூற்றுப் பத்தொன்பது. பெண்கள் அறை அதே நூற்று முப்பதில் சமர்த்தாக நின்றது. தலைவருக்குப் போன் போட்டுக் கேட்டால், "மழைங்க எஞ்சினியரம்மா, ஓயாத மழை, மத்தபடி ஒண்ணுமில்லை" என்றார். மண்சரிவால் மலைச்சாலையையும் அடைத்துவிட்டார்கள். அவளால் நேரில் வர முடியவில்லை.

நேரில் வராமலே அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது. தெரிந்துவிட்டதாக நினைத்தாள். ஏப்ரல் மாதம், துளையில் குழாயை இறக்கியாயிற்று. குழாய்க்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் களிமண் கூழால் கெட்டியாக அடைக்க வேண்டும். உள்ளே பொந்து விழுந்தால் சூடு மண்ணுக்குப் போகாது. இயந்திரம் மூச்சுத் திணறி மின்சாரத்தை அள்ளி அள்ளிக் குடிக்கும். இருபத்திரண்டு மூட்டை போதும் என்று கணக்கு. நூற்றுப்பத்து மீட்டரில் பாறை வெடிப்பு விட்டிருந்ததால் கூழ் அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தொரு மூட்டை போட்டு, கொண்டுவந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. மேற்கே வானம் கருத்திருந்தது. நாளைக்கு இன்னும் பத்து மூட்டை கொண்டு வரலாமே என்று தாக் இழுத்தார். துளையின் வாயில் கூழ் அரை மணி நேரமாக இறங்காமல் நிற்கிறது, போதும் என்றது ஹேரிம்தான். "நீங்க சொன்னா சரி" என்றார் தாக். அந்த மூன்று சொற்களும் ஆகஸ்ட் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

இந்தச் சோதனையில் தோற்றால் முப்பத்தெட்டு ஊரிலும் சாதா ஏசிதான். குளிர்காலம் முழுக்கத் துளை வேலை இருக்காது, ஆட்களை வைத்துக்கொள்ள முடியாது என்று முதலாளி ஜூலையிலேயே சொல்லிவைத்திருந்தார். தாக்கும் நான்கு ஆட்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுவும் அவள் ஒருத்தி வாய் திறந்து "போதும்" என்று சொன்னதற்காக.

கூடத்து வாசலில் மாவட்ட அலுவலகக் கார் ஏற்கெனவே நின்றது. அதிகாரி ஜே சுங்ஊ நேரம் தவறாதவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. ஆண்கள் அறை வாசலில் நின்று தும்மிக்கொண்டிருந்தார்.

தலைவரும் ஊர் மகளிர் சங்கத் தலைவி குவாக் ஜொம்சுக்கும் ஓடி வந்து வரவேற்றார்கள். ஜொம்சுக்குக்கு அறுபத்தொரு வயது. அந்த ஊரில் அது இளமை. அவித்த சோளம் வந்தது, அவித்த உருளைக்கிழங்கு வந்தது, வாற்கோதுமைத் தேநீர் வந்தது, மறுபடியும் சோளம் வந்தது. இப்படி விழுந்து விழுந்து உபசரித்தால் எங்கேயோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சாதாரண நாளாக இருந்திருந்தால் ஹேரிமுக்கு உடனே உறைத்திருக்கும். அன்று தன் குற்றம் ஒன்றே அவள் கண்ணுக்குத் தெரிந்தது. மரணவீட்டுக்கு வந்தவளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்கள் அறைக்குள் கால் வைத்தாள். இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அறை புழுக்கமாக இருந்தது. காலுறைக்குக் கீழே தரை வெதுவெதுவென்று பட்டது. பயத்தில் கால்கூடக் காய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜே தன் குறிப்பை வாசித்துக் காட்டினார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசமாக இருந்தது. நிலத்தடி இயந்திரம் கடைசி மூன்று வாரம் சாதா ஏசியைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு மின்சாரம் தின்றிருக்கிறது. இன்று காலையிலிருந்து ஓடியும் அறை குளிரவில்லை. போதாக்குறைக்கு இயந்திரத்துக் காற்றில் ஏதோ நெடி, மூக்கை அரிக்கிறது, உள்ளே போனாலே தும்மல். மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது வாயு கசிகிறதா என்று கேட்டு, பதில் வருவதற்குள் மூன்று தரம் தும்மினார்.

ஹேரிம் பைக்குள் கைவிட்டாள். கடிதத்தின் மடிப்பு விரலில் பட்டது. கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் தொழில் பழக்கம் ஒன்று உண்டே, எதையும் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று. நிலத்திலிருந்து வருகிற தண்ணீரின் சூட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் பின்னால் இருந்த இயந்திரக் கொட்டகைக்குப் போனாள்.

என்ன எண் வரும் என்று போகும்போதே அவளுக்குத் தெரியும். அந்த ஊர் மண்ணின் இயல்பான சூடு பதினான்கு டிகிரி. ஒரு கோடை முழுக்க அறையின் சூட்டை அதற்குள் இறக்கினால், துளை நன்றாக இருக்கும் பட்சத்தில், பத்தொன்பது இருபதுக்கு ஏறியிருக்கும். துளையில் பொந்து விழுந்திருந்தால் சூடு போக வழியில்லாமல் தண்ணீர் முப்பதைத் தாண்டிச் சூடாகவே திரும்பி வரும். அவள் முப்பத்துநான்கு என்று மனதுக்குள் எழுதியே விட்டாள். குழாயில் பதித்திருந்த வெப்பமானியின் கண்ணாடியைக் கட்டை விரலால் துடைத்தாள்.

பன்னிரண்டு.

மறுபடியும் துடைத்தாள். விரலால் தட்டினாள். முள் அசையவில்லை. குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தாள். ஊற்று நீரைத் தொட்டதுபோல ஜில்லென்று இருந்தது, மேலே வியர்த்திருந்தது.

கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். சூட்டைக் கொட்டக் கொட்ட மண் எப்படிக் குளிரும்? மண் இருந்ததைவிடக் குளிர்ந்திருக்கிறது என்றால் யாரோ அதிலிருந்து சூட்டை எடுத்திருக்கிறார்கள். எடுப்பதற்கும் இந்த இயந்திரத்தில் வழி உண்டு. குளிர்காலத்துக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மண்ணிலிருந்து சூட்டை இழுத்து ஆண்கள் அறையின் தரைக்கடியில் ஓடும் குழாய்களுக்கு அனுப்பும். பெண்கள் அறையின் தரைக்கு அந்த வசதி இல்லை, அங்கே பழைய எண்ணெய்க் கொதிகலன்தான். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில், மனிதர்கள் ஐஸ்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற காலத்தில், தரையைச் சூடாக்க எந்தப் பைத்தியத்துக்குத் தோன்றும்?

அப்போதுதான் அவளுக்கு வெதுவெதுப்பான தரை நினைவுக்கு வந்தது. தும்மலும்.

அவள் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்துத் தலைவர் சோளத்தட்டை எடுத்து நீட்டினார். ஹேரிம் அதை வாங்கவில்லை. மண்டியிட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்தாள், நாலடி நகர்ந்து மறுபடியும் வைத்தாள். பிறகு சுவரோரம் தரைவிரிப்பின் மூலையை நகத்தால் கிளப்பினாள். தட்டையாக, வெளிறிய மஞ்சளில், ஏழெட்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். வைத்திருக்க வேண்டாம். கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"தலைவரே, ஆகஸ்ட் மாசத்துல இந்தத் தரையைச் சூடு பண்ணினது யாரு?"

"தரையா?" தலைவர் தரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "வெயில்ல சூடாகியிருக்கும்."

"ஓயாத மழைன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க."

தலைவர் ஒரு சோளத்தை எடுத்துக் கடித்தார். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா? ஜே பேனாவை மூடிவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஜொம்சுக் சமையலறை வாசலில் கைகளை மடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். தலைவர் இரண்டாவது சோளத்துக்குக் கை நீட்டியதும் பொறுமை போய்விட்டது.

"மென்னது போதும் தலைவரே. கடைசியா வாரினது உங்க வீட்டு மிளகாய்தானே. இன்னிக்கு விடியக்காலையில."

அதன் பிறகு தடையில்லாமல் வந்தது. ஜூலை கடைசியில் முதல் பறிப்பு. ஊர் முழுக்க வீடு கொள்ளாத சிவப்பு மிளகாய். ஆகஸ்ட் எட்டாம் தேதி பிடித்த மழை விடவே இல்லை. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பரப்பியதில் காம்பில் பூஞ்சை ஏற ஆரம்பித்தது. கூட்டுறவு உலர்த்தும் இயந்திரத்துக்குப் பத்து நாள் வரிசை. பெண்கள் அறைத் தரையைச் சூடாக்கலாம் என்றால் கொதிகலனுக்கு எண்ணெய் வாங்க வேண்டும். மாமனார் திதிக்கு மறுநாள், ஒன்பதாம் தேதி காலை, ஜொம்சுக் தன் மிளகாயைத் தூக்கிக்கொண்டு வந்து ஆண்கள் அறையில் கொட்டினாள். ஆண்களைப் பெண்கள் அறைக்கு விரட்டினாள். எல்லாரும் அங்கே ஒரே கூட்டமாக உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்கினார்கள். இங்கே ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, ராத்திரி பகலாகச் சூட்டுத் தரையில் மிளகாய் காய்ந்தது. ஊரில் இருபத்தாறு வீடு, முறை வைத்து. மிளகாயின் நிறம் மங்கவே இல்லை என்று சொல்லும்போது அவள் முகத்தில் பெருமையை மறைக்க முடியவில்லை.

"கரண்டு ஏறும்னு ஒருத்தருக்குமா தோணல?" என்றாள் ஹேரிம்.

"எதுக்கு ஏறணும்? மண்ணுலருந்து வர்ற சூடு. எங்க மண்ணு. நீங்க ஒட்டின தாள்லயே போட்டிருக்கே." ஜொம்சுக் சுவரைக் காட்டினாள். கம்பெனியின் விளம்பரத் தாள், ஜூன் மாதம் ஹேரிம் தன் கையால் ஒட்டியது. சிரிக்கிற பூமிப் படம். கீழே கொட்டை எழுத்தில்: நிலத்தின் சூடு என்றென்றும் இலவசம்.

ஹேரிமுக்கு அதை எழுதியவர்களின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

"சூடு இலவசம்தான் அக்கா. அதை மேல இழுத்துட்டு வர்ற மோட்டார் இலவசம் இல்லை."

"அதையும் கீழ போட்டிருக்கலாம்ல."

"போட்டிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டாள்.

 ஜொம்சுக்கின் கைகள் மடிப்பிலிருந்து இறங்கிவிட்டன. இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவீர்களா என்று ஜேயைக் கேட்டாள். அவள் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது. தலைவர் பாதி கடித்த சோளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தியது தன் விரல், தண்டனை எதுவானாலும் தன்னோடு போகட்டும் என்றார். முதல் முறையாக அவர் ஒரு விஷயத்தை ஒரே தரம் சொன்னார்.

 ஜே குறிப்பேட்டை எடுத்தார். மண்ணிலிருந்து வாயு கசிகிறது என்ற வரியை அடித்தார். அறை குளிரவில்லை என்ற வரியை அடித்தார். விடியற்காலை வரை அடுப்பாக இருந்த தரை பத்து மணிக்குள் எப்படிக் குளிரும் என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னார். பிறகு ஒன்பதாம் தேதிக்கு முன்னால் யாராவது ஒரு மிளகாயாவது இங்கே காயவைத்தார்களா என்று கேட்டார். இல்லை, திதி மேல் ஆணையாக இல்லை என்றாள் ஜொம்சுக். அப்படியானால் முதல் பத்து வாரம் சுத்தமான சோதனைதான் என்றார் ஜே. சாதா ஏசி பத்து யூனிட் தின்கிற இடத்தில் நிலத்தடி இயந்திரம் ஆறுதான் தின்றிருக்கிறது.

"ஆனா ஒண்ணு எஞ்சினியர்" என்று ஹேரிம் பக்கம் திரும்பினார். "கோடைக்கு மட்டும்னா உங்க துளை கட்டுப்படியாகாது. மிச்சமாகிற கரண்டை வெச்சு ஏழு மடங்கு செலவை எடுக்கறதுக்குள்ள மெஷினே செத்துடும்."

அது உண்மை. ஹேரிமும் அதை மறுக்கவில்லை. குளிர்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு திரும்பும், ஆனால் அதற்கு இன்னொரு வருடம் சோதனை வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். ஜே கையை உயர்த்தி நிறுத்தினார். ஜொம்சுக்கிடம் கேட்டார், இந்த மூன்று வாரச் சூட்டையும் எண்ணெய்க் கொதிகலனில் உண்டாக்கியிருந்தால் எவ்வளவு எண்ணெய் போயிருக்கும்?

"ஒன்றரை டிரம்" என்றாள் ஜொம்சுக், கண்ணிமைக்காமல். அதைக் கணக்குப் பார்த்த பிறகுதானே அவள் மிளகாயை இந்தப் பக்கம் தூக்கி வந்ததே.

ஜே குறிப்பேட்டின் ஓரத்தில் பெருக்கினார், கழித்தார். எழுநூறு யூனிட் மின்சாரம் ஒரு பக்கம், ஒன்றரை டிரம் எண்ணெய் ஒரு பக்கம். எண்ணெய்ச் செலவில் கால்வாசிகூட மின்சாரத்துக்குப் போகவில்லை. அதுவும் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுக்கொண்டு. அவர் இரண்டாவது பேனாவை எடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். அதே விடைதான். இந்த மலையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஊரே கூடத்தில்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, சீட்டாடி, குட்டித் தூக்கம் போடும். குளிர்காலத்தில் ஆள் கூடுகிற ஊர்களுக்குத் துளை, கோடையில் மட்டும் திறக்கிற கூடங்களுக்குச் சாதா ஏசி என்று எழுதப் போவதாகச் சொன்னார். அப்படிப் பார்த்தால் இருபத்தொரு துளை தேறும்.

"நான் கேட்டிருந்தாக்கூட யாரும் ஆகஸ்ட்ல குளிர்காலச் சோதனை பண்ணித் தந்திருக்க மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தும்மினார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது.

இருபத்தொன்று என்றால் தாக்கின் ஆட்களுக்கு அடுத்த வேனில்வரை வேலை.  ஆனால் ஹேரிமுக்கு இன்னொன்று பாக்கி இருந்தது, அதைச் சொல்லாமல் போனால் மறுபடியும் தூக்கம் வராது. ஜேயைத் தனியே அழைத்துப்போய், முப்பத்தொரு மூட்டை விஷயத்தையும், தாக் இழுத்ததையும், தான் போதும் என்றதையும் சொன்னாள். கடிதத்தையும் எடுத்துக் காட்டினாள்.

ஜே அதைக் கடைசி வரை படித்தார். வெப்பமானி என்ன காட்டியது என்று கேட்டார். பன்னிரண்டு என்றாள். மூன்று வாரம் ராத்திரி பகலாகச் சூட்டை இழுத்த பிறகு, பொந்து விழுந்த துளையாக இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்.

"உறைநிலைக்குப் பக்கத்துல போயிருக்கும் சார். மெஷின் தானா நின்னிருக்கும்."

"நின்னுதா?"

"இல்லை."

"இந்தக் கடிதத்துல தேதி போடலையே நீங்க." அவர் அதை மடித்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "தேதி இல்லாத காகிதத்தை நான் வாங்கறதில்லை."

ஹேரிம் கொட்டகைப் பக்கம் போய் நின்று தாக்குக்குப் போன் போட்டாள். "தாக் அண்ணே, துளை நல்லா இருக்கு" என்றாள்.   

"அப்படியா" என்றார் தாக். "சாப்பிட்டீங்களா?"

சோளம் சாப்பிடப் போகிறேன் என்றாள். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் பக்கத்தில் மிளகாய் ஏதும் இல்லை. அவரும் இந்த மூன்று வாரம் தூங்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நாளை பத்து மூட்டை கொண்டு வரலாம் என்று இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று அந்த மனிதர் தன்னையே நொந்துகொண்டு கிடந்திருப்பார்.

ஜொம்சுக் ஹேரிமின் காரின் பின்சீட்டில் ஒரு பை நிறைய மிளகாயை வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததில் பை இரண்டானது. அடுத்த தரம் விலை கூடிய இயந்திரத்தைப் பெண்கள் அறைக்குப் போடச் சொல்லி எழுதும்படி ஜேயிடம் சிபாரிசு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். ஆண்களுக்குச் சீட்டாடத் தெரியும், பொத்தான் அழுத்தத் தெரியாது என்பது அவள் கட்சி. செய்கிறேன் அக்கா என்றாள் ஹேரிம். சூடான சோளம் மூன்றை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பாவாடையில் ஈரம் படாமலிருக்க அடியில் எதையாவது விரிக்கலாம் என்று தேடியபோது கைக்கு அகப்பட்டது அந்தக் கடிதம். விரித்தாள்.

கதவைச் சாத்தப் போகும்போது கம்பத்துக் கூம்பு கரகரத்தது. யாரோ ஒலிவாங்கியை ஊதினார்கள்.

"ஆ, ஆ. ஊர்த் தலைவர் பேசறேன். ஆண்கள் அறை மீட்டர் ஏறினதுக்குக் காரணம் மிளகாய். காயப்போட்டது நாமதான். பொத்தானை அழுத்தினது நான். எஞ்சினியரம்மா போட்ட துளை நல்லா இருக்கு. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

கொஞ்சம் இடைவெளி. காகிதம் புரளும் சத்தம்.

"மறுபடியும் அறிவிக்கிறேன். எஞ்சினியரம்மா மேல ஒரு தப்பும் இல்லை."

குரல் நெல்வயலைத் தாண்டிப் போய் மலையில் மோதி, கொஞ்சம் மெலிந்து, மூன்றாவது தடவையாக அவளிடமே திரும்பி வந்தது. ஹேரிம் அப்போதுதான் அழுதாள்.